முதலில் தீர்மானப் புத்தகம்

"தலைமை வகிப்பது பற்றிப் படிக்க நல்ல புத்தகம் ஒன்று சொல்லுங்கள் ஐயா" என்று மாதத்துக்கு ஒருவராவது கேட்டு வருகிறீர்கள். வார்டு உறுப்பினராகப் போகும் ஆசையுள்ள தம்பி, மகளிர் குழுவில் ஊக்குநரான பெண், திண்டிவனத்தில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராக உயர்ந்த பிள்ளை. மயிலம் பக்கத்து ஊரொன்றில் பால் சொசைட்டிச் செயலாளராக 27 வருஷம் இருந்தவன் நான். புத்தகமும் சொல்கிறேன், ஆனால் அதற்கு முன் பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன.

1. உங்கள் அமைப்பின் தீர்மானப் புத்தகத்தை எடுத்துப் பத்து வருஷம் பின்னால் போய் வாசியுங்கள். யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார், எந்தப் பொருள் கூட்டத்துக்குக் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது, யாருடைய கையெழுத்து எந்தத் தேதியோடு நின்றது என்று பாருங்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவரின் கையெழுத்து திடீரென்று நின்றுபோயிருந்ததைக் கண்டேன். வீட்டுக்கே போய் விசாரித்தேன். ஒருநாள் அவர் வீட்டுப் பாலைக் காரணம் சொல்லாமல் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அவர் சண்டை போடவில்லை, வருவதை நிறுத்திவிட்டார். ஓர் அமைப்பில் மனம் விட்டுப்போனவர்கள் பெரும்பாலும் சத்தமில்லாமல்தான் போகிறார்கள். அதை எனக்குக் காட்டியது அந்த நோட்டுதான்.

2. தீர்மானப் புத்தகம் கல்லில் எப்படி இருக்கும் என்று பார்க்க ஒருமுறை உத்திரமேரூர் போய்வாருங்கள். திண்டிவனத்திலிருந்து காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் திரும்பிவிடலாம். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு, 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர் வாரியங்களுக்கு, அதாவது நிர்வாகக் குழுக்களுக்கு, ஆள் தேர்ந்தெடுக்க, 30 குடும்புகளுக்கும், அதாவது வார்டுகளுக்கும், தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். வயது 35க்கு மேல், 70க்குள் இருக்க வேண்டும். முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் மறுபடி வர முடியாது. கணக்குக் காட்டாமல் போனவரும் அவருடைய உறவுக்காரர்களும் வரவே முடியாது. அது பிராமணர்களின் சபை. பெண்களுக்கும் மற்ற சாதியாருக்கும் அதில் இடமில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஆனாலும் கணக்கை நேரே பதவித் தகுதியோடு கட்டிவைத்த அந்தப் புத்தியை நான் மதிக்கிறேன். நம் சங்கங்களில் ஆண்டுக் கணக்கைப் பேரவைக் கூட்டத்தில் அரை நிமிஷத்தில் வாசித்துவிட்டு டீ கொடுப்பதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சுவர் என் ஞாபகத்துக்கு வரும்.

3. விடிகாலை ஐந்தரைக்குப் பால் சொசைட்டி வாசலில் ஒரு வாரம் நின்று பாருங்கள். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், நான் தப்பு செய்து கற்ற இடம் இது.

கேனில் ஊற்றுவதற்கு முன் ஒவ்வொருவர் பாலிலும் சாம்பிள் எடுத்து, லாக்டோமீட்டரில் டிகிரியும், அதோடு கொழுப்பும் பார்த்து, அதற்குத் தகுந்தபடி விலை போடுவோம். ஒருநாள் ஒரு பாட்டியின் பாலில் டிகிரி இறங்கியிருந்தது. கூட்ட நெரிசலில், நான் தலையைக்கூடத் தூக்காமல், "டிகிரி இறங்கிடுச்சு, போ" என்றேன். தண்ணீர் கலந்தாள் என்று எல்லோர் எதிரிலும் சொன்னதாகவே அது அவருக்குப் பட்டது. தீவனம் குறைந்ததா என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுவாரம் அவர் பால் தனியார் வண்டிக்குப் போனது. அந்தத் தெருவில் மூன்று வீடுகள் அவரோடு போயின. அதன் பிறகு சோதனை மேஜையை வாசல் பக்கம் திருப்பிப் போட்டேன். ஊற்றுபவரே கண்ணால் பார்க்க, அளவை வாய்விட்டுச் சொல்லி எழுதினோம். குறைந்தால் காரணம் கேட்டோம். போன வீடுகளில் இரண்டு திரும்பி வந்தன. பாட்டி வரவில்லை.

பல வருஷம் கழித்து ஹாதார்ன் ஆய்வுகளைப் பற்றிப் படித்தபோது இதுதான் மனதில் ஓடியது. அமெரிக்காவில் சிகாகோ பக்கத்தில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை நடந்தவை. வெளிச்சத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் வேலை கூடியது என்று வியந்தவர்கள், பிறகு 20,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்களை உட்காரவைத்துப் பேசவிட்டுக் கேட்டார்கள். அந்தப் புள்ளிவிவரங்களைப் பின்னால் வந்தவர்கள் கடுமையாகக் கேள்வி கேட்டிருக்கிறார்கள், அதையும் படியுங்கள். தொழிலாளியிடம் போய்க் கேட்டார்களே, எனக்கு அது போதும்.

4. ஏரிப் பாசனமுள்ள ஊரென்றால் நீர்க்கட்டியாக இருந்த பெரியவரைத் தேடிப் பிடியுங்கள். எந்த மடையை எப்போது திறப்பது, கடைமடைக்கு எத்தனை நாழிகை என்று தீர்மானித்தவர் அவர். அவருக்குக் கூலி ஆயக்கட்டுக்காரர் எல்லோரும் களத்தில் அளந்துபோட்ட நெல். அதனால் ஒருவருக்கு மட்டும் வேண்டியவராக அவர் இருக்க முடியாது. எலினார் ஆஸ்ட்ரம் என்ற அமெரிக்க அம்மையார் 1990இல் எழுதிய நூலில், ஸ்பெயினிலும் பிலிப்பைன்ஸிலும் பாசனக்காரர்கள் தண்ணீரைச் சண்டையில்லாமல் பங்கிட்டுக்கொண்ட விதத்தை ஆராய்ந்தார். கண்காணிப்பவர் பயன்படுத்துவோருக்குப் பதில் சொல்பவராக இருக்க வேண்டும், தண்டனை முதலில் சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாக ஏற வேண்டும் என்பது அவர் கண்டவற்றில் சில. அவருக்கு 2009இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. பெரியவரிடம் முதலில் கேட்டுவிட்டு அந்தப் புத்தகத்தைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் நம் ஊர் தெரியும்.

5. தலைவர்களின் வாழ்க்கை வரலாற்றில் அவர்கள் பதவிக்கு வந்த பக்கத்தைவிட விலகிய பக்கத்தை நிதானமாகப் படியுங்கள். தொலைவில் தேட வேண்டாம். ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் நம் திண்டிவனத்துப் பக்கத்துக்காரர். 1947 மார்ச்சில் சென்னை மாகாணப் பிரதமரானார். கோயில் நுழைவுச் சட்டமும் தேவதாசி முறை ஒழிப்புச் சட்டமும் அவர் காலத்தில் வந்தவை. ஜமீன் ஒழிப்புச் சட்டமும் அப்படியே. சிபாரிசுக்கு இடம் கொடுக்காததால் சொந்தக் கட்சிக்குள்ளேயே எதிர்ப்பு வளர்ந்தது. 1949 ஏப்ரலில் விலகினார், பின்பு வடலூருக்குப் போய் வள்ளலார் பணியில் இருந்துவிட்டார். இரண்டே வருஷம். நாற்காலி கையைவிட்டுப் போகும்போது ஒரு மனிதர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதைப் பயிற்சி வகுப்புகளில் யாரும் சொல்லித் தருவதில்லை, இந்த வாழ்க்கையில் அது இருக்கிறது.

6. நூலகத்துக்குப் போங்கள். சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம், எஸ்.ஆர். ரங்கநாதனின் முயற்சியால், அதே ஓமந்தூரார் ஆட்சியில் 1948இல் நிறைவேறியது. உங்கள் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்து போகிறது. விழுப்புரம் மாவட்ட மைய நூலகத்தில் இருப்பது உங்கள் காசில் வாங்கிய புத்தகம். வேண்டியது அலமாரியில் இல்லையென்றால் எழுதிக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

7. பாடமாகப் படிக்க வேண்டுமென்றால், ஐஐடிகளின் என்பிடெல் வகுப்புகளில் நிறுவன நடத்தை பற்றியவை உண்டு. கேட்பதற்குக் காசில்லை, சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்டணம். இக்னோவின் பாடநூல்கள் இ-ஞானகோஷ் தளத்தில் இலவசம். அகமதாபாத் காலிகோ ஆலையில் 1953இல் ஏ.கே. ரைஸ் நெசவாளர்களைச் சிறு குழுக்களாக்கிப் பார்த்த சோதனையைத் தேடிப் படியுங்கள், நம் நாட்டு ஆலையில் நடந்தது அது. திருக்குறளில் தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல், அவையறிதல் மூன்றும் போதும். ஆளுக்கு வேலை கொடுக்கும் முன்னால் ஒருமுறை, கொடுத்து ஆறு மாதம் கழித்து மறுமுறை வாசியுங்கள்.

8. மகளிர் குழுக்கூட்டத்தில் அனுமதி கேட்டு உட்காருங்கள். 1989இல் தர்மபுரியில் தொடங்கிய பெண்கள் மேம்பாட்டுத் திட்டம் அடுத்தடுத்து நம் பழைய தென்னாற்காட்டுக்கும் வந்தது. ஒரு குழுவில் 12 முதல் 20 பேர், ஓர் ஊக்குநர், இரண்டு பிரதிநிதிகள். தவணை கட்டாத தோழியிடம், நாளைக்கும் அதே தெருவில் முகம் பார்க்க வேண்டியவளிடம், பணம் கேட்க அவர்கள் எடுக்கும் வார்த்தைகளைக் கவனியுங்கள். ஆண் பிள்ளைகள் கட்டாயம் போக வேண்டும்.

9. கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கூடும். வருகிற கூட்டத்துக்கு ஒரு நோட்டோடு போய்க் கடைசி வரிசையில் உட்காருங்கள். பேச எழுந்து பாதியில் உட்கார்ந்தவர்கள் யார் யார் என்று மட்டும் எழுதுங்கள். மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் போய், நேற்று என்ன சொல்ல வந்தீர்கள் என்று கேட்டுவிட்டு, அந்த நோட்டை என்னிடம் கொண்டுவாருங்கள்.