பழைய வண்டிக்குச் சைடு பை: ஒரு துளைகூடப் போடாமல்

சேவூர், அவிநாசி, நம்பியூர் வட்டாரத்தில் இருசக்கர வண்டியில் சுமை ஏற்றுவது புதிய சங்கதி இல்லை. பால் கேனுக்கு இரண்டு பக்கமும் ஸ்டாண்டு, கட்டிங் பீஸ் மூட்டைக்குப் பின்னால் அகலக் கேரியர் என்று எது கேட்டாலும் இங்குள்ள வெல்டிங் பட்டறைகளில் செய்து தருவார்கள். தினமும் உழைக்கும் மொபெட்டுக்கு அந்த வேலை போதும். அதே கைவேகத்தைப் பழைய புல்லட்டிலோ எஸ்டியிலோ காட்டினால்தான் ஆபத்து. மட்கார்டில் நாலு துளை, சேஸிஸில் இரண்டு இடத்தில் வெல்டிங், கேரியர் நின்றுவிடும். ஆனால் கம்பெனி மட்கார்டு ஒன்றைத் தேடிப் பிடிப்பது இன்று லேசான காரியமில்லை. வெல்டிங் சூடு பட்ட சேஸிஸ் பைப்பும் பழையபடி ஆகாது.

அந்த இரண்டும் தேவையே இல்லை. வண்டியில் கம்பெனி போட்டுக் கொடுத்த போல்ட் துளைகளை மட்டும் வைத்துக்கொண்டு, எப்போது வேண்டுமானாலும் கழற்றக்கூடிய கேரியரை மாட்டலாம். செலவும் குறைவு. இரும்பு எடைக்கு வாங்குவது, கேன்வாஸ் மீட்டருக்கு வாங்குவது, தையல் கூலி உள்ளூரில்.

சட்டத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். பதிவுச் சான்றில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2021-இல் வந்த விண்டேஜ் விதிகளின்படி 50 வயது தாண்டி, சேஸிஸும் இன்ஜினும் மூல வடிவத்திலேயே இருந்தால்தான் அந்தத் தகுதி கிடைக்கும். அப்படிப் பதிந்த வண்டியை அன்றாட ஓட்டத்துக்கு எடுக்கவும் முடியாது. இன்று 45 வயதில் இருக்கும் வண்டி இன்னும் 5 வருடத்தில் அந்த வரிசைக்கு வரும். அதன் சேஸிஸை இப்போதே வெட்டி வைக்க வேண்டாம்.

முதல் வேலை: வண்டியை அமுக்கிப் பார்ப்பது

வண்டியைக் கழுவித் துடைத்து, மெயின் ஸ்டாண்டிலிருந்து இறக்கி நிறுத்துங்கள். ஒருவர் சீட்டின் பின்பகுதியைப் பிடித்துப் பலமாக அமுக்கட்டும். இன்னொருவர் பக்கத்தில் குத்தவைத்துப் பார்க்கட்டும். சீட்டோடு சேர்ந்து இறங்குகிற பாகங்கள் எவை, சக்கரத்தோடு சேர்ந்து நிற்கிற பாகங்கள் எவை என்று சாக்பீஸால் குறியுங்கள். கேரியரின் எல்லாப் பிடிப்பும் முதல் வகையில்தான் இருக்க வேண்டும். ஒரு கால் சேஸிஸிலும் மறுகால் ஸ்விங் ஆர்மிலும் நின்றால், ஒவ்வொரு குழியிலும் கேரியர் இரண்டு பக்கமும் இழுபட்டு, வெல்டிங்கில் விரிசல் விடும்.

ஷாக் அப்சர்பரின் மேல் போல்ட் சேஸிஸில் இருக்கிறது, அது உதவும். கீழ் போல்ட் சக்கரத்தோடு ஆடும். அதைத் தொடக் கூடாது. பின்னால் உட்காருபவரின் ஃபுட்ரெஸ்ட் சேஸிஸில் இருந்தால் அது இன்னொரு நல்ல பிடிப்பு. சில சிறிய வண்டிகளில் அது ஸ்விங் ஆர்மிலேயே இருக்கும் என்பதால்தான் அமுக்கிப் பார்க்கச் சொல்கிறேன்.

சாரி கார்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பையைத் தொங்கவிடும் பழக்கம் நிறைய இருக்கிறது. அது கூடவே கூடாது. பின்னால் இருப்பவரின் துணி சக்கரத்தில் சிக்காதபடி பாதிச் சக்கரத்தையாவது மறைக்கும் தடுப்பு வேண்டும் என்பது 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123-ஆம் விதி. பைக்கும் அதே தடுப்பு உயிர் காக்கும். கேரியர் அதற்கு வெளியே வரட்டும்.

எந்தப் பக்கம் என்ன இருக்கிறது

1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டில் தொடங்கி, திருவொற்றியூர் ஆலையில் செய்த பழைய புல்லட்டில் சைலன்சரும் கிக்கரும் வலப்பக்கம்; செயினும் பின் பிரேக்கும் இடப்பக்கம். ஆகவே வலது பைக்குச் சூட்டைப் பற்றிய கவலை, இடது பைக்குச் செயின் அட்ஜஸ்ட் செய்யக் கை போகுமா என்ற கவலை. இரண்டு பக்கமும் உள்ள டூல் பாக்ஸ் மூடி முழுதாகத் திறக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

1961 முதல் 1996 வரை மைசூர் ஐடியல் ஜாவாவில் வந்த ஜாவா, எஸ்டி 250 சி.சி. வண்டிகளுக்கு இரட்டைச் சைலன்சர். இரண்டு பையுமே சூட்டுக்கு மேல்தான் உட்காரும். டூ ஸ்ட்ரோக் என்பதால் எண்ணெய்த் துளியும் தெறிக்கும். 1985-இல் வந்த ஆர்.எக்ஸ். 100 எடை குறைந்த வண்டி. அதில் பின்னால் சேரும் ஒவ்வொரு கிலோவும் ஹேண்டில்பாரில் தெரியும். அதற்குச் சின்னப் பை போதும்.

அட்டையில் அளவு எடுப்பது

நம் ஊரில் பேக்கிங் அட்டைப்பெட்டிக்குக் குறைவே இல்லை. பனியன் கம்பெனியில் துணியை வெட்டும் முன் பேட்டர்ன் போடுவதை இங்கே எல்லோரும் பார்த்திருப்போம். இரும்பிலும் அந்த ஒழுங்கு வேண்டும். கெட்டி அட்டையில் 35 செ.மீ. நீளம், 25 செ.மீ. உயரம், 13 செ.மீ. தடிமன் உள்ள பெட்டி ஒன்று செய்யுங்கள். சுமார் 11 லிட்டர் கொள்ளளவு. மழைக்கோட்டு, இரண்டு நாள் துணி, டூல், ஒரு டியூப் எல்லாம் அடங்கும். பெட்டியை வண்டியில் டேப் போட்டு ஒட்டிப் பாருங்கள்.

கிக்கரை முழுதாக மிதியுங்கள். பின்னால் ஒருவரை உட்காரவைத்து, குதிகால் இடிக்கிறதா என்று கேளுங்கள். இண்டிகேட்டர், டெயில் லேம்ப், நம்பர் பிளேட் மூன்றும் பின்னாலிருந்து தெரிய வேண்டும். பின் அச்சு நட்டுக்கு ஸ்பேனர் போக வேண்டும். பெட்டியின் நடுப்பகுதி பின் அச்சுக்கு நேராகவோ அதற்குச் சற்று முன்னாலோ வருவது உத்தமம். கடைசியாக, இரண்டு பெட்டியும் சேர்ந்த அகலம் ஹேண்டில்பாரைத் தாண்டக் கூடாது. திங்கட்கிழமை கடலை ஏல நேரத்தில் சேவூர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் பக்கம் மூட்டை வண்டிகளுக்கு நடுவே போய்ப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இரும்பு

பட்டறையில் முதலில் கைக்கு வருவது 12 மி.மீ. கம்பிதான். வேண்டாம். விட்டத்தை அதே எண்ணால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும், 12 மி.மீ. கம்பிக்கு அது 0.89 கிலோ. 16 மி.மீ. வெளிவிட்டமும் 2 மி.மீ. கனமும் உள்ள பைப் மீட்டருக்கு 0.69 கிலோதான். ஆனால் வளைந்துகொடுக்காத உறுதியில் பைப் கம்பியைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து 4 மீட்டர் பிடிக்கும் என்று வைத்தால், முக்கால் கிலோவுக்கு மேல் மிச்சம்.

ஒவ்வொரு பக்கமும் பையின் அளவுக்கு நீள்சதுர வளையம். மூலையை வெட்டி ஒட்டாமல், பைப்பில் காய்ந்த மணலை நெருக்கி நிரப்பி வளைத்தால் நசுங்காது. வளையத்திலிருந்து மூன்று கால்கள்: ஒன்று ஷாக் அப்சர்பர் மேல் போல்ட்டுக்கு, ஒன்று பின்னால் மட்கார்டைத் தாங்கும் ஸ்டேயின் போல்ட்டுக்கு, ஒன்று கீழே ஃபுட்ரெஸ்ட் பிடிப்புக்கு. கால்களின் முனைக்கு 25×5 பட்டை. போல்ட் துளையே இல்லாத இடத்தில் இரண்டு துண்டுக் கிளாம்ப் போட்டு, உள்ளே பழைய சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றுங்கள். பெயிண்ட் பிழைக்கும், கிளாம்பும் நழுவாது.

பலரும் விட்டுவிடும் ஒரு துண்டு இருக்கிறது. இடது வளையத்தையும் வலது வளையத்தையும் டெயில் லேம்ப்புக்குக் கீழே, நம்பர் பிளேட்டுக்குப் பின்புறமாக ஒரு குறுக்குப் பட்டை இணைக்க வேண்டும். அது இல்லாத கேரியரின் முனையைக் கையால் பிடித்து ஆட்டினால் வண்டிக்குள்ளும் வெளியிலும் போய் வரும். பட்டையைப் போல்ட் போட்டு முறுக்கிய பிறகு ஆட்டினால் வண்டியே சேர்ந்து ஆடும். சீட்டுக்குப் பின்னால் போடும் மேல் கேரியரும் இந்தப் பட்டையிலேயே பாதி நின்றுவிடும். மட்கார்டின் தகடு எந்தச் சுமையையும் தாங்கக் கூடாது.

வெல்டிங்கின்போது, “வண்டியிலயே வெச்சு ரெண்டு டேக் அடிச்சுரலாமுங்க” என்பார்கள். அளவு பிசகாமல் இருக்க அது நல்ல வழிதான். ஆனால் பெட்ரோல் டேங்கை இறக்கித் தூரமாக வைத்து, பேட்டரியைக் கழற்றி, எர்த் கிளிப்பைக் கேரியரிலேயே மாட்டிய பிறகு மட்டும் சம்மதியுங்கள். சேஸிஸில் எர்த் மாட்ட விடாதீர்கள். டேக் அடித்ததும் கேரியரைக் கழற்றி, முழு வெல்டிங்கைத் தரையில் வைத்து முடிக்கட்டும். பிறகு கிரைண்டிங், ரெட் ஆக்சைடு, அதன் மேல் கறுப்பு எனாமல். பைப் முனைகளை அடைத்து, கீழ்ப்பக்கம் தண்ணீர் வடிய ஒரு சிறு துளை விடுங்கள்.

மரை

பழைய புல்லட்டைக் கெடுப்பதில் பாதிப் பங்கு தப்பான போல்ட்டுக்கு. இங்கிலாந்து வடிவில் பிறந்த வண்டி என்பதால் பல இடங்களில் இன்னும் இஞ்ச் மரை. 5/16 இஞ்ச் போல்ட்டின் விட்டம் 7.94 மி.மீ.; 8 மி.மீ. போல்ட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. மரையில் தெரியும். ஒன்றில் இஞ்சுக்கு 22 அல்லது 26 சுற்று. மற்றதில் 20 சுற்றுதான். இரண்டு சுற்று விரலில் ஏறும், பிறகு இறுகும். “டைட்டாத்தான் இருக்கும்” என்று ஸ்பேனரைப் போட்டால் சேஸிஸில் உள்ள மரை போய்விடும். கழற்றிய பழைய போல்ட்டையே கடைக்கு எடுத்துப் போய், அதே மரையில், கேரியர் பட்டையின் கனம் அளவுக்கு மட்டும் நீளமான உயர்வலு போல்ட் கேளுங்கள். அந்த மரையில் கிடைக்காவிட்டால் லேத்தில் கடைந்து வாங்கலாம். எஸ்டிக்கும் ஆர்.எக்ஸுக்கும் மி.மீ. மரை என்பதால் இந்தத் தொல்லை இல்லை. நட்டு வரும் இடத்தில் நைலாக், நேராகச் சேஸிஸில் ஏறும் இடத்தில் ஸ்பிரிங் வாஷர்.

பை

திருப்பூர்க்காரர்களுக்கு ஜி.எஸ்.எம். கணக்கிலேயே சொல்லிவிடலாம். டி-சர்ட் துணி 180 ஜி.எஸ்.எம். என்றால் சைடு பைக்கு 500-க்கு மேல் வேண்டும். 16 அவுன்ஸ் கேன்வாஸ் சுமார் 540 ஜி.எஸ்.எம். வரும். லாரித் தார்ப்பாய் தைக்கும் கடைகளில் வெட்டுத்துண்டு கேட்டுப் பாருங்கள். பருத்திக் கேன்வாஸ் நனைந்தால் சுருங்கும். வெட்டும் முன் ஒரு முறை நனைத்துக் காயவையுங்கள்.

பனியன் கம்பெனியின் பவர் டேபிளிலும் ஓவர்லாக்கிலும் இதைத் தைக்க முயல வேண்டாம். நாலு மடிப்புக் கேன்வாஸில் ஊசி முறியும், அந்த நூலும் தாங்காது. சீட் கவர் தைப்பவரிடமோ பை தைப்பவரிடமோ உள்ள கனத்த மெஷினும் நைலான் நூலும் வேண்டும். வாருக்கு நாடா நம் ஊரில் எத்தனையோ ரகம் கிடைக்கும். இழுத்தால் நீளும் ரகத்தை மட்டும் தவிர்த்து, 38 மி.மீ. நைலான் நாடா எடுங்கள். வார் பைக்கு அடியில் சுற்றிக்கொண்டு வர வேண்டும். பையின் மேல் ஓரத்தில் மட்டும் தைத்த வார் முதலில் அங்கேதான் கிழியும். தொங்கும் வார் நுனிகளைச் செருக ஒரு பட்டியும் தைக்கச் சொல்லுங்கள். சக்கரத்தில் சிக்கும் அளவுக்கு நீளமான நுனி எதுவும் மிஞ்சக் கூடாது.

சக்கரப் பக்கம் வரும் உள்சுவருக்கு 4 மி.மீ. பிளைவுட் ஒன்றை உறைபோல் தைத்த மடிப்புக்குள் நுழைத்துவிடுங்கள். பை நிறைந்து பிதுங்கினாலும் ஸ்போக்ஸ் பக்கம் போகாது. மழைக்கு, மெழுகை உருக்கிக் கேன்வாஸில் தேய்த்து, ஹேர் டிரையரால் சூடு காட்டி இறங்க விடுங்கள். உள்ளே ஒரு கெட்டி பாலிபேக் போட்டால் போதும்.

சைலன்சருக்கும் பைக்கும் நடுவே மூன்று இஞ்ச் இடைவெளி இருக்கட்டும். அது கிடைக்காத வண்டியில், வளையத்தின் அடியில் ஓர் அலுமினியத் தகட்டை 10 மி.மீ. ஸ்பேசர் வைத்து மாட்டுங்கள். தகட்டுக்கும் பைக்கும் நடுவே காற்று ஓடுவதுதான் சூட்டைத் தடுக்கும். தகடு பையில் ஒட்டிக் கிடந்தால் பயனில்லை.

சுமையும் ஓட்டமும்

பக்கத்துக்கு 5 கிலோ, மேல் கேரியரில் 5 கிலோ. இதற்கு மேல் ஏற்ற வேண்டாம். கனமானதைப் பையின் அடியில், முன்பக்கமாக வையுங்கள். மேல் கேரியர் பின் அச்சுக்குப் பின்னால் தொங்குவதால் அங்கே ஏற்றும் எடை முன் சக்கரத்தைத் தூக்கப் பார்க்கும். தூங்கும் பை, மழைக்கோட்டு மாதிரி லேசானவை மட்டும் அங்கே. பின் டயருக்கு இருவர் போகும்போது வைக்கும் காற்று, ஷாக் அப்சர்பருக்கு ஒரு படி கூடுதல் இறுக்கம். சாமானோடு சைடு ஸ்டாண்டில் நிறுத்தாமல் மெயின் ஸ்டாண்டிலேயே நிறுத்துங்கள்.

முதல் ஓட்டம் சேவூரிலிருந்து புளியம்பட்டி போய்த் திரும்பும் அளவுக்கு இருக்கட்டும். கிளம்பும் முன் ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் பட்டையிலும் சேர்த்து வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு இழுங்கள். திரும்பி வந்ததும் கோடு விலகிய போல்ட்டைக் கண்டுபிடித்து, ஏன் விலகியது என்று பாருங்கள். வெறுமனே முறுக்கிவிட்டுப் போகாதீர்கள். பெரும்பாலும் பட்டை சரியாகப் படியாமல் இழுத்துப் பிடித்திருக்கும். அதைச் சரிசெய்து, கோடு நகராமல் நின்ற பிறகுதான் பண்ணாரி தாண்டித் திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளுக்குப் போக வேண்டும். ஏற்றத்தில் முன் சக்கரம் லேசானால் மேல் கேரியர் சாமானைக் குறையுங்கள். இறக்கத்தில் ஹேண்டில் உதறினால் இரண்டு பையின் எடையும் சமமா என்று நிறுத்திப் பாருங்கள்.

கேரியர் மாட்டும்போது கழற்றிய பழைய போல்ட், வாஷர்களை ஒரு டப்பாவில் போட்டு, எந்த இடத்தினுடையது என்று எழுதி வையுங்கள். எஃப்.சி. காட்டவோ கண்காட்சிக்கோ போகிற அன்று கேரியரை இறக்கிவிட்டு, அவற்றையே திரும்ப மாட்டிக்கொண்டு கிளம்பலாம்.