முதற் சறுக்கலும் மருத்துவக் கல்வியும்

மருத்துவராகும் நாட்டத்துடன் உயர்தர வகுப்பின் உயிரியற் பிரிவிற் சேரும் மாணவருட் பலர், முதலாந் தவணைப் பரீட்சையிலேயே தளர்ந்து போவதைக் கல்லூரிகள் ஆண்டுதோறும் காண்கின்றன. சாதாரண தரத்தில் அதிவிசேட சித்திகளை ஈட்டிய ஒருவனுக்கு இரசாயனவியலில் முப்பது புள்ளி வருமாயின், அவனும் பெற்றோரும் கலங்குதல் இயல்பே. எனினும், அப்புள்ளி எதனைக் குறிக்கின்றது, எதனைக் குறிக்கவில்லை என்பதை ஆராய்ந்த பின்னரே கலங்குவதா துணிவதா என முடிவு செய்தல் முறை. அவ்வாராய்ச்சியை ஈண்டுச் சுருக்கமாகச் செய்ய முற்படுவோம்.

தொடரும் புள்ளியும் தொடராப் புள்ளியும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மாணவர் பெரும்பாலும் நான்காண்டுப் பட்டப்படிப்பின் வழியாகவே மருத்துவக் கல்லூரியை அடைவர். அங்கு முதலாம் ஆண்டுப் புள்ளி இறுதிவரை தொடரும். 4 என்பதை உச்சமாகக் கொண்ட அளவையில், 120 அலகுகளுள் முதல் 30 அலகுகளில் 2.0 சராசரி பெற்ற ஒருவன், எஞ்சிய 90 அலகுகளில் 3.8 பெற்றாலும் அவனது மொத்தச் சராசரி 3.35 ஆகவே அமையும். தவறிய பாடத்தை மீளக் கற்றாலும், எம்.டி. பட்டம் வழங்கும் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பச் சேவை முன்னைப் புள்ளியையும் சேர்த்தே கணிக்கும். ஆதலின், அங்குள்ள மாணவன் ஆண்டுக்காண்டு உயரும் பெறுபேற்றாலும், 472 முதல் 528 வரையான புள்ளிகள் வழங்கப்படும் நுழைவுப் பரீட்சையாலும், வேண்டுமாயின் பட்டத்தின் பின்னரும் விஞ்ஞான பாடங்களைக் கற்பதாலும் தன் தகுதியை நிலைநாட்டுகின்றான்.

நம் நாட்டிலோ தவணைப் பரீட்சைப் புள்ளி பல்கலைக்கழக அனுமதிக்குக் கணிக்கப்படுவதில்லை. உயர்தரப் பரீட்சையின் பெறுபேறே கணக்கில் வரும். ஆகவே, முதற் சறுக்கலின் சுமை எதுவும் ஏட்டில் எஞ்சுவதில்லை. இழந்தது காலம் ஒன்றே. அதுவும் சிறிய இழப்பன்று. மூல் எண்ணக்கருவை முதலாண்டில் விளங்காது விட்டவன், பின்னர் இரசாயனச் சமநிலையைக் கற்கும்போது இருமடங்கு இடர்ப்படுவான்.

இசட் புள்ளி உணர்த்துவது

2001 ஆம் ஆண்டு முதல் அனுமதிக்கு இசட் புள்ளி முறை கையாளப்படுகின்றது. ஒருவன் ஒரு பாடத்திற் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்துக்குத் தோற்றியோரின் சராசரியைக் கழித்து, மீதியை நியம விலகலால் வகுப்பர். மூன்று பாடங்களுக்கும் இவ்வாறு வருவனவற்றின் சராசரியே அவனது இசட் புள்ளி. உயிரியலில் 1.8, இரசாயனவியலில் 0.2, பௌதிகவியலில் 1.6 பெற்றவனுக்குச் சராசரி 1.2 ஆகும். இரசாயனவியல் 1.1 ஆக உயரின் அது 1.5 ஆகிவிடும். உயிரியலையே மேலும் மேலும் பயின்று அதே உயர்வைப் பெற வேண்டுமாயின் 1.8 ஐ 2.7 ஆக்கல் வேண்டும், அஃது எளிதன்று. விரும்பும் பாடத்திற் பொழுதைச் செலவிட்டு, வெறுக்கும் பாடத்தை ஒதுக்கும் மாணவர் இக்கணக்கை நெஞ்சிற் பதித்தல் வேண்டும்.

விடைத்தாளைப் படித்தல்

குறைந்த புள்ளி பெற்ற விடைத்தாளை மறைத்து வைப்பது பேதைமை. அதனை எடுத்து, இழந்த ஒவ்வொரு புள்ளிக்கும் காரணம் எழுதுக: பாடம் அறியாமை, வினாவைப் பிறழ உணர்ந்தமை, கணிப்பில் தவறியமை, நேரம் போதாமை என நான்கு வகையுள் அவை பெரும்பாலும் அடங்கும். முதலாவதற்கு மருந்து ஆசிரியரை அணுகி அடிப்படையிலிருந்து கற்றல். ஏனையவற்றுக்கு மருந்து பயிற்சி. இரண்டு மணித்தியாலத்தில் 50 பல்தேர்வு வினாக்களுக்கு விடையளிக்கும் வேகம், கடந்தகால வினாத்தாள்களைக் கடிகாரம் வைத்துச் செய்தாலன்றிக் கைவராது. 1885 ஆம் ஆண்டில் ஜேர்மானிய அறிஞர் எபிங்கவுஸ் நினைவு பற்றி வெளியிட்ட ஆய்வு, ஒரே நாளிற் குவித்துக் கற்றலிலும் நாளிடைவிட்டு மீட்டல் பயனுடையது எனக் காட்டிற்று. நூலை மூடிவைத்து, கற்றதைத் தாளில் எழுதிப் பார்த்தலே சிறந்த மீட்டலாகும்.

ஆங்கில விஞ்ஞானி ஜோன் கேர்டன் 1949 இல் ஈற்றன் பாடசாலையில் உயிரியலில் 250 மாணவருள் இறுதி இடத்தைப் பெற்றவர். பின்னர் அப்பாடத்தைத் தொடக்கத்திலிருந்து கற்று, ஒக்ஸ்பேட்டில் விலங்கியல் பயின்றார். 2012 ஆம் ஆண்டில் மருத்துவத்துக்கான நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அடிப்படைக்குத் திரும்பிச் செல்ல நாணாமையே அவர் வரலாற்றில் நம் மாணவர் கொள்ளத்தக்க பாடம்.

மீண்டுந் தோற்றல்

பல்கலைக்கழக அனுமதிக்காக மூன்று முறை தோற்ற இடமுண்டு. முன்னைய முறையையே மாற்றமின்றித் தொடர்பவனுக்கு அடுத்த ஆண்டும் முன்னைய பெறுபேறே வரக்கூடும். யாது தவறியது, யாதை மாற்றுவது என்று எழுதிவைத்த பின்னரே மீண்டுந் தோற்றத் துணிதல் நன்று. மருத்துவ பீடம் வாய்க்காவிடினும், தாதியியல், மருந்தாக்கவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், சித்த மருத்துவம் ஆகிய பட்டங்களும் நோயாளரின் பக்கத்திலேயே நம்மைச் சேர்ப்பன. அவற்றைத் தோல்வியின் புகலிடம் எனக் கருதுதல் தகாது.

இவ்விழாக் காலத்தில் பழைய மாணவராகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. மருத்துவராயுள்ள நம்மவர், முதலிடம் பெற்றோருக்குப் பரிசளிப்பதுடன் அமையாது, தவணைக்கு ஒரு நாளேனும் கல்லூரிக்கு வந்து, புள்ளி குறைந்த மாணவருடன் அமர்ந்து அவர்தம் விடைத்தாள்களைப் பார்த்து உதவுவாராயின், அதனினும் பெரிய நன்கொடை பிறிதில்லை.