பதில் சொல்லும் வாடிக்கையாளர்

கொழும்பில் கடைகளுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் இணையத்தில் வாடிக்கையாளர் குழு அமைத்துக் கொடுப்பது என் தொழில். வருகிறவர்கள் அநேகமாக முதலில் கேட்பது, "எத்தனை பேரைச் சேர்த்துத் தருவீர்கள்?" என்றுதான். நான் கேட்பது வேறு. உங்கள் கடைக்கு வருகிறவர்களில், பக்கத்தில் நிற்கிறவருக்கும் விளக்கம் சொல்லிவிட்டுப் போகிறவர் யார்? அவரை அடையாளம் கண்டுவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

2020 மார்ச் 20 மாலை ஊரடங்கு வந்தபோது வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைக் கடைகள் பல வட்ஸ்அப்பிலும் வைபரிலும் ஓடர் எடுக்கத் தொடங்கின. அப்போது ஒரு வட்ஸ்அப் குழுவில் 256 பேர்தான் இருக்கலாம். இன்று 1024 பேர். ஊரடங்கு நீங்கியதும் பல குழுக்கள் விலைப்பட்டியல் ஒட்டும் சுவராகிவிட்டன. வாடிக்கையாளர்கள் ஒருவரோடொருவர் கதைத்த குழுக்களே நிலைத்தன.

கொட்டாஞ்சேனையில் மின்சாதனம் விற்கும் ஒரு கடையின் குழு அப்படிப்பட்டது. 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. எல்லாருக்கும் இன்வேட்டர் பற்றித்தான் கேள்வி. மின்சார வேலையில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு ஐயா கணக்கைக் கொப்பியில் எழுதிப் படமெடுத்துப் போட்டார். 12 வோல்ட், 100 அம்பியர் மணி பற்றறி என்றால் 1200 வோட் மணி; ஈய அமிலப் பற்றறியைப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது, ஆகவே கையில் 600. ஒரு மின்விசிறி, இரண்டு எல்ஈடி பல்ப், ரவுட்டர் சேர்ந்து 90 வோட் அளவு. இன்வேட்டர் தின்பதையும் கழித்தால் ஐந்து மணித்தியாலம் எதிர்பார்க்கலாம். கடைக்காரர் சொல்லியிருந்தால் விற்கத்தான் சொல்கிறார் என்று நினைத்திருப்பார்கள். ஐயா சொன்னதை நம்பினார்கள்.

அதே குழுவில் ஒருவர், இதே பற்றறி வேறு கடையில் மலிவு என்று எழுதினார். "தம்பி, நாங்கள் நடத்துற இடத்தில மற்றக் கடைக்கு ஏன் விளம்பரம்? அழிச்சு விடும்" என்றார் முதலாளி. "வேண்டாம் அண்ணை, உங்கட விலையில உத்தரவாதமும் பூட்டித் தாற கூலியும் சேர்ந்திருக்கு என்று அதுக்குக் கீழேயே எழுதுங்கோ" என்றேன். எழுதினார். முறைப்பாட்டை அழித்தால் அதைப் பார்த்திருந்த மற்றவர்களும் வாயை மூடிக்கொள்வார்கள். தூஷண வார்த்தை, இனவாதம், பிறருடைய தொலைபேசி இலக்கம் என்ற மூன்றை மட்டும் உடனே நீக்குங்கள்.

மொழி விஷயத்தில் எனக்குப் பிடிவாதமான கருத்து உண்டு. தமிழுக்கு ஒன்று, சிங்களத்துக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு ஒன்று என்று குழுவைப் பிரிக்காதீர்கள். நல்ல பதில் ஒரு மூலையில் முடங்கிவிடும். கேட்டவர் எந்த மொழியில் கேட்டாரோ அதிலேயே பதில் போகட்டும். ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுகிறவரைத் திருத்தப் போக வேண்டாம். கடையின் அறிவித்தல் மட்டும் யூனிகோட்டில் இருக்க வேண்டும். பழைய பாமினி எழுத்துருவில் தட்டியதை அப்படியே வெட்டி ஒட்டினால் வாடிக்கையாளரின் கைபேசியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும்.

2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பின் முகநூல், வட்ஸ்அப், வைபர் எல்லாம் ஒரு வாரத்துக்கு மேல் முடக்கப்பட்டன. 2022 ஏப்ரல் 3 அன்றும் பல மணித்தியாலங்கள் முடங்கின. எனவே விருப்பம் தெரிவித்த வாடிக்கையாளரின் இலக்கங்களைத் தனியே வைத்திருங்கள், குறுஞ்செய்தியாவது அனுப்பலாம். கேட்காமல் எடுக்காதீர்கள், தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இலேயே நிறைவேறிவிட்டது.

குழு தொடங்க நினைக்கும் முதலாளிமாருக்கு ஒரு வேண்டுகோள். கவுண்டரில் நிற்கும் பிள்ளையிடம் ஓய்வு நேர வேலையாக இதைக் கொடுக்காதீர்கள். பொருளைத் தெரிந்த ஒருவரை, சம்பளம் கொடுத்து, இதற்கென்றே வையுங்கள்.