விற்கும் வீட்டுக்கு ஒரு நல்ல படம்

செகந்திராபாத்தில் பல தலைமுறைகளாகத் தமிழர்கள் வாழ்கிறார்கள். பட்டாளத்துக்கும் ரயில்வேக்கும் வேலைக்கு வந்தவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். அப்படி ஒரு குடும்பம் தன் வீட்டை விற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்காரர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவியோடு வேலூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் போய்க் குடியேற வேண்டும். இரண்டு அறை, ஒரு கூடம், சமையலறை, மொட்டை மாடி. கடன் வாங்கிக் கட்டிய வீடு. இனி வரும் காலத்துக்கு அந்தப் பணம்தான் கையிருப்பு.

தரகர் வீட்டின் படம் கேட்டார். வீட்டுக்காரர் இரவு எட்டு மணிக்குச் செல்பேசியை எடுத்தார். நின்ற இடத்திலிருந்தே நாலு படம் எடுத்து அனுப்பிவிட்டார்.

மறுநாள் மனைவி அந்தப் படங்களைப் பார்த்தார்.

"ஏங்க, நீங்க வீட்டையா படம் பிடிச்சிருக்கீங்க? கொடியில கிடக்குற துணியைத்தான் பிடிச்சிருக்கீங்க. காலையில கூடத்துல எவ்வளவு வெயில் அடிக்குது! அது எங்கே?"

அந்த அம்மா சொன்னது சரி. இன்று வீடு தேடுபவர் முதலில் நேரில் வருவதில்லை. செல்பேசியில் பத்து வீட்டின் படங்களைப் பார்க்கிறார். அதில் இரண்டு மூன்றைத்தான் நேரில் பார்க்கப் போகிறார். படம் இருட்டாக இருந்தால் வீடும் இருட்டு என்று நினைத்துவிடுவார். வந்தாலும், குறைந்த விலையை மனதில் வைத்துக்கொண்டுதான் வருவார். வீட்டில் குறை இல்லை. படத்தில்தான் குறை. ஆனால் நஷ்டம் வீட்டுக்காரருக்கு.

கண்ணாடித் தகட்டில் ஒரு மாளிகை

இதே ஊரில் நூறு வருடங்களுக்கு முன்பே கட்டிடங்களை அழகாகப் படம் எடுத்த ஒருவர் இருந்தார். அவர் பெயர் லாலா தீன் தயாள். 1844-இல் மீரட் அருகே சர்தானாவில் பிறந்தார். ரூர்க்கியில் பொறியியல் படித்தார். இந்தூரில் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தார். பிறகு புகைப்படக்காரர் ஆனார். ஆறாவது நிஜாம் மஹபூப் அலி கான் அவரைத் தம் அரசவைப் புகைப்படக்காரர் ஆக்கினார். 'ராஜா' பட்டமும் கொடுத்தார். செகந்திராபாத்தில் தீன் தயாளின் ஸ்டூடியோ இருந்தது.

அவர் எடுத்த கட்டிடங்களில் ஒன்று பலக்நுமா மாளிகை. சார்மினாரிலிருந்து சுமார் ஐந்து கிலோமீட்டர் தொலைவில், ஒரு குன்றின் மேல் இருக்கிறது. விகார்-உல்-உம்ரா என்ற நவாப் 1884-இல் அதைக் கட்டத் தொடங்கினார். செலவு அவரையே திணற வைத்தது என்று சொல்வார்கள். 1897-ஐ ஒட்டி அந்த மாளிகை நிஜாமின் கைக்குப் போனது. நிஜாம் படத்தைப் பார்த்து வாங்கவில்லை. அங்கேயே தங்கிப் பார்த்தார். எல்லோருக்கும் அந்த வசதி கிடைக்குமா?

தீன் தயாளுடைய கேமரா பெரியது, கனமானது. படம் கண்ணாடித் தகட்டில் பதியும். ஒரு தகடு வீணானால் பணம் வீண். நினைத்தபடி நாலு படம் தட்ட முடியாது. எங்கே நிற்பது, வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். கேமராவை முக்காலியில் வைத்து, ஆடாமல் எடுக்க வேண்டும். செல்பேசியில் செலவு இல்லை. அதனால்தானோ என்னவோ, நாம் யோசிக்காமல் எடுக்கிறோம்.

மறுபடி எடுத்த படம்

ஞாயிற்றுக்கிழமை காலை. கணவனும் மனைவியும் வேலையைத் தொடங்கினார்கள். கொடித் துணியை எடுத்தார்கள். பழைய பேப்பர் கட்டையும் காலி சிலிண்டரையும் பின்பக்கம் வைத்தார்கள். தரையைத் துடைத்தார்கள். ஜன்னல்களைத் திறந்தார்கள்.

வீட்டுக்காரர் கூடத்தின் மூலையில் நின்றார். மூலையில் நின்றால் மூன்று சுவர் தெரியும். அறையின் அளவு புரியும். செல்பேசியை மார்பு உயரத்தில் நேராகப் பிடித்தார். சாய்த்துப் பிடித்தால் சுவரும் சாய்ந்துபோகும். ஜன்னலுக்கு நேராகப் பிடித்தபோது அறை கறுப்பாக விழுந்தது. ஜன்னலைப் பக்கவாட்டில் விட்டு எடுத்தார். படம் பளிச்சென்று வந்தது. லென்ஸில் விரல் ரேகை இருந்ததையும் மனைவிதான் கண்டுபிடித்தார். முந்தானையால் துடைத்துக் கொடுத்தார்.

தெரு, வாசல், தண்ணீர்த் தொட்டி, மொட்டை மாடி எல்லாவற்றையும் எடுத்தார்கள். பீரோவைத் திறந்து வைத்து எடுக்கவில்லை. வீட்டுப் பத்திரத்தையும் ஆதார் அட்டையையும் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பவில்லை. அவற்றை யார் எதற்குப் பயன்படுத்துவார் என்று சொல்ல முடியாது.

படுக்கையறைச் சுவரில் மழை நீர் இறங்கிய கறை ஒன்று இருந்தது.

"இதை விட்டுடலாமா?" என்றார் கணவர்.

"வர்றவங்க பார்க்க மாட்டாங்களா? அப்புறம் நம்ம பேச்சு எதையும் நம்ப மாட்டாங்க. எடுங்க" என்றார் மனைவி.

கறையும் படத்தில் வந்தது.

சில செல்பேசிகளில் அகலமாகக் காட்டும் லென்ஸ் உண்டு. அதில் சின்ன அறையும் மண்டபம் போலத் தெரியும். வாங்குபவர் அதனால் படத்தோடு நீள அகலத்தையும் அடிக்கணக்கில் கேட்க வேண்டும். இவர்கள் டேப் பிடித்து அளந்து, கேட்பதற்கு முன்பே எழுதி அனுப்பினார்கள்.

கட்டிட நிறுவனங்கள் கட்டி விற்கும் அடுக்குமாடி வீடுகளுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. அது 2016-இல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம். பொய்யான விளம்பரத்தையோ மாதிரி வீட்டையோ நம்பி ஒருவர் முன்பணம் கட்டுகிறார். அதனால் அவருக்கு நஷ்டம் வருகிறது. அப்போது கட்டிட நிறுவனம் ஈடு தர வேண்டும். வீடு வேண்டாம் என்று அவர் விலகினால், கட்டிய பணத்தை வட்டியோடு திருப்பித் தர வேண்டும். அதனால் விளம்பரத் தாளையும் படத்தையும் தூக்கி எறியாமல் பத்திரமாக வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்த வாரம் ஒரு குடும்பம் நேரில் வந்தது. கறையைத் தடவிப் பார்த்தார்கள். மாடியில் ஏறி, தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பார்த்தார்கள். அதைச் சரிசெய்ய ஆகும் செலவை மட்டும் விலையில் குறைத்துக் கேட்டார்கள். பேச்சு முடிந்தது.

பத்திரப் பதிவு நாளில் இன்னும் இரண்டு படங்கள் தேவைப்பட்டன. 2001-இல் பதிவுச் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. அதன்படி விற்பவர், வாங்குபவர் இருவரின் புகைப்படமும் கைரேகையும் பத்திரத்தில் இடம்பெற வேண்டும். ஆள் மாறாட்டத்தைத் தடுக்க இது உதவும். வீட்டுக்காரர் கைரேகை வைத்துவிட்டு, விரலில் இருந்த மையைத் துடைக்கத் துணி தேடினார். மனைவி மறுபடியும் முந்தானையை நீட்டினார்.