பலமான தகடே நல்ல தகடா?

சிறு விமானத்தின் தோலில் ஒட்டுப் போடும்போது, “எல்லாம் அலுமினியம்தானே” என்ற பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. செஸ்னா 172-இன் தோல் 2024-டி3 ரகம், செம்பு கலந்தது. அறுபடும் முன் சுமார் 450 மெகாபாஸ்கல் இழுவிசை தாங்கும். கடையில் எளிதாகக் கிடைக்கும் 6061-டி6 சுமார் 310-தான் தாங்கும். அதே கனத்தில் மாற்றிப் போட்டால் மூன்றில் ஒரு பங்கு பலம் போய்விடும்.

அதற்காக 6061 மட்டமான ரகம் என்பதும் சரியல்ல. ஜெனித் சிறு விமானங்கள் அதைக் கொண்டே கட்டப்படுகின்றன. அதற்கேற்ற கனத்தை முதலிலேயே கணக்கிட்டுவிட்டார்கள். அரிப்பையும் அது நன்றாகவே தாங்கும்.

எனக்கு அதிகக் கவலை தருவது வேறொரு நம்பிக்கை: “7075 போடு, அதுதான் பலம், மெல்லிசாகவே போடலாம்.” அறுபடும் பலம் சுமார் 570 என்பது உண்மைதான். ஆனால் விறைப்பில் இந்த மூன்று ரகங்களுக்கும் பெரிய வித்தியாசமில்லை. மெல்லிய தோல் பெரும்பாலும் அறுபடுவதற்கு வெகுமுன்பே அழுத்தத்தில் நெளிந்துவிடும். அதைத் தடுப்பது கனமும் விறைப்பும்தான். 0.8 மில்லிமீட்டர் தகட்டுக்குப் பதில் 0.6 போட்டால், நெளியத் தொடங்கும் அழுத்தம் ஏறக்குறைய பாதியாகிவிடும். தவிர, 7075-டி6-இல் விரிசல் வேகமாக ஓடும். இறுக்கி மடித்தால் மடிப்பிலேயே வெடிக்கும். பெரிய விமானங்களில் இழுவிசை படும் இறக்கையின் அடித்தோலுக்கு 2024 வகையை வைத்ததற்கு விரிசலை அது தாங்கும் குணமே காரணம்.

கனமாகப் போட்டால் கவலையில்லை என்பார்கள். ஆனால் முரட்டு ஒட்டு சுமையைத் தன் பக்கம் இழுக்கும். ஓரத்து ரிவெட் வரிசையில் புது விரிசல் கிளம்பும். எலிவேட்டர், ஐலெரான் போன்ற அசையும் பரப்புகளில் இது இன்னும் ஆபத்து. கீலுக்குப் பின்னால் எடை கூடினால் சமநிலை கெட்டு, வேகத்தில் அந்தப் பரப்பு படபடத்துப் பிய்ந்துபோகலாம்.

பார்த்தே ரகம் சொல்லிவிடலாம் என்பதையும் நம்பாதீர்கள். சோதிக்க ஒரு வழி உண்டு: பத்து சதவீத காஸ்டிக் சோடாக் கரைசலை ஒரு சொட்டு விட்டால் 2024-உம் 7075-உம் கறுக்கும், 6061 கறுக்காது. அல்கிளாட் தகட்டின் மேல் மட்டும் விட்டால் ஏமாந்துபோவோம், இருபுறமும் தூய அலுமினியப் பூச்சு இருக்கிறதே. வெட்டிய விளிம்பில் விட்டுப் பாருங்கள்: இரண்டு வெள்ளைக் கோடுகள், நடுவே கறுப்பு. அப்போதும் அது கடினப்படுத்திய டி3-யா, மிருதுவான ஓ நிலையா என்று சொட்டு சொல்லாது. அச்சு முத்திரையும் சான்றிதழும் இல்லாத துண்டைத் தோலுக்கு எடுக்கவே கூடாது.