ஒரு சாண் வீடும் ஓய்ந்த கையும்

பக்கவாதத்திலிருந்து தேறி வீடு திரும்பியவரின் குடும்பத்தினர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் வினா ஒன்று உண்டு. "இங்கே பயிற்சியின்போது அசைக்கிறார், வீட்டில் அந்தக் கையைப் பயன்படுத்துவதே இல்லையே, ஏன்?" நல்ல கை எல்லாவற்றையும் செய்துவிடுவதால் நலிந்த கைக்கு வேலை இல்லாமற்போகிறது. நாளடைவில் அந்தக் கையை மறந்திருப்பதே பழக்கமாகிவிடுகிறது. அதில் எஞ்சியுள்ள ஆற்றலும் வெளிப்படுவதில்லை. பந்தை அழுத்துவதோடு நில்லாமல், பயனுள்ள வேலை ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய்யவேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான். நவராத்திரிக் கொலுவில் படிகளுக்கு அருகே வைக்கும் கிராமக் காட்சிக்கு, ஃபோம் போர்டில் ஓர் ஓட்டு வீடு கட்டுவது அத்தகைய வேலை.

ஃபோம் போர்டு என்பது இரு தாள்களுக்கு நடுவே பாலிஸ்டைரீன் நுரை வைத்த அட்டை. 5 மி.மீ. தடிமன் உள்ளதை வாங்குங்கள். 1:50 என்னும் அளவில் அது 25 செ.மீ. சுவராகும், ஏறத்தாழ நம் ஒன்பது அங்குலச் செங்கற்சுவர்தான். 10 மீட்டர் வீடு 20 செ.மீ. நீளமும், 2.1 மீட்டர் கதவு 42 மி.மீ. உயரமும் பெறும். தளர்ந்த விரல்களுக்கு இதனினும் சிறிய அளவு வேண்டாம்.

வெட்டும் வேலை குடும்பத்தினருடையது. இதில் நாங்கள் விட்டுக்கொடுப்பதில்லை. உணர்ச்சி குறைந்த கைக்குப் பிளேடு பட்டதே தெரியாது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்வோருக்குச் சிறு வெட்டும் நெடுநேரம் கசியும். இரும்பு ஸ்கேலை வைத்து, புதிய பிளேடால் மேல்தாள், நுரை, அடித்தாள் என மூன்று முறை மெல்ல இழுத்தால் விளிம்பு நேராக அமையும். மழுங்கிய பிளேடு நுரையைப் பிய்த்துவிடும்.

இனி வருபவை நோயாளியின் வேலைகள். சுவரின் வெளிப்புறத் தாளை ஈரத்துணியால் ஒற்றி, சற்றுப் பொறுத்து உரிக்கவேண்டும். வெளிப்பட்ட நுரையில் மை தீர்ந்த பேனாவால் அழுத்திச் செங்கல் வரிசைகளைக் கீறலாம். பேனாவின்மீது துணியைச் சுற்றிப் பருமனாக்கினால் நலிந்த கைக்குப் பிடி கிடைக்கும். அட்டை நழுவாமலிருக்க அடியில் ஈரத்துணி விரியுங்கள். கோடு கோணினால் வருந்த வேண்டாம்; பழைய வீட்டுச் சுவர் அப்படித்தான் இருக்கும்.

ஒட்டுவதுதான் இப்பயிற்சியின் உயிர்நாடி. ஃபெவிகால் பிடிக்கச் சில நிமிடங்கள் ஆகும். அதுவரை நலிந்த கை சுவரை நிமிர்த்திப் பிடிக்க, நல்ல கை குண்டூசிகளைச் செருகவேண்டும். தோள் வலிக்காதிருக்க முன்கை முழுவதும் மேசைமேல் தாங்கியிருக்கட்டும். "விடுங்க தாத்தா, நான் பிடிக்கிறேன்" என்று பேரன் கை நீட்டும் நேரமும் இதுவே. அன்பினால் எழும் சொல்தான். ஆயினும் அந்த உதவி தாத்தாவின் கையிலிருந்த வேலையைப் பறித்துவிடுகிறது. சுவர் சாய்ந்தால் சாயட்டும். மீண்டும் நிமிர்த்தட்டும்.

கூரைக்குப் பழைய அட்டைப்பெட்டி போதும். மேல்தாளை நனைத்து உரித்தால் உள்ளிருக்கும் அலைமடிப்பு ஓட்டு வரிசையாகத் தோன்றும்.

வண்ணம் பூச ஸ்பிரே பெயிண்ட் கூடாது. நாங்களே ஒருமுறை அவசரப்பட்டு அடித்தோம். அதிலுள்ள கரைப்பான் பட்டு, வெட்டிய விளிம்புகள் கண்ணெதிரே உருகிக் குழிந்தன. அதன் நெடி ஆஸ்துமா உள்ளோருக்கும் ஆகாது. நீரில் கரையும் அக்ரிலிக் வண்ணமே ஏற்றது. முதற்பூச்சில் சிறிது ஃபெவிகால் கலந்தால் நுரை உறுதிப்படும். ஒரு பக்கம் மட்டும் பூசினால் அட்டை வளையும்; உட்புறமும் பூசுங்கள். செங்காவி காய்ந்தபின் நீர்த்த பழுப்பு வண்ணத்தை வழியவிட்டால் கீறல்களில் தங்கி, செங்கற்கள் தனித்தனியே தெரியும். இதற்குத் தூரிகையைவிடப் பஞ்சுத் துண்டு எளிது.

ஒரு வேளைக்கு இருபது நிமிடம் போதும். விரல்கள் இறுகி மடங்கத் தொடங்கினாலோ, தோளில் வலி எழுந்தாலோ அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். அடுத்த முறை வரும்போது வீட்டைத் தூக்கி வரவேண்டாம். சுவரைப் பிடித்திருக்கும் கையைக் கைப்பேசியில் இரண்டு நிமிடம் படமெடுத்து வாருங்கள். கட்டைவிரல் எங்கே நிற்கிறது என்பதை நாங்கள் பார்க்கவேண்டும்.