ஏட்டு விதியும் இயங்கும் வழக்கும்

ஆண்டிபட்டியில் நமக்கு அறிமுகமான நெசவாளர் ஒருவரின் மகள் கணிப்பொறி அறிவியல் பயில்பவள். ஒருநாள் விடைத்தாளொன்றை ஏந்தி நம் இல்லம் வந்தாள். சி மொழியில் முழு எண்ணுக்கு ஒதுக்கப்படும் இடம் எவ்வளவு என்பது வினா. நான்கு பைட் என எழுதியிருந்தாள். பாடநூலில் இரண்டு என்றிருப்பதால் மதிப்பெண் இல்லை.

"கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்துட்டுத்தான் சார் எழுதுனேன். நாலுன்னுதான் வந்துச்சு" என்றாள், கண் கலங்கியிருந்தது.

கணிப்பொறி நம் துறையன்று. ஆயினும் ஏடும் வழக்கும் முரணுவது தமிழாசிரியர்க்குப் பழகிய சிக்கலே. அத்துறை நண்பரை அணுகித் தெளிந்தோம்.

நாம் எழுதும் நிரலை இயந்திரம் அறியும் வடிவிற்கு மாற்றித் தருவது கம்பைலர் எனப்படும் தொகுப்பி. அப்பாடநூல் 1987இல் போர்லாந்து நிறுவனம் வெளியிட்ட டர்போ சி என்னும் தொகுப்பியை ஒட்டியது. அது 16 பிட் கணிப்பொறிகளுக்குரியது. ஆதலின் முழு எண்ணுக்கு இரண்டு பைட். அதன் மேல் எல்லை 32,767. இன்று பரவலாக வழங்கும் ஜிசிசி என்னும் தொகுப்பியிலோ நான்கு பைட். எல்லை 214 கோடியைக் கடக்கும். 1989இல் அமெரிக்காவில் வகுக்கப்பெற்ற சி மொழித் தரவிதி, குறைந்த எல்லையை மட்டும் வரையறுத்து, எஞ்சியதைத் தொகுப்பிக்கே விட்டது. எனவே நூலாசிரியர் பொய்யுரைத்தாரல்லர். எந்தத் தொகுப்பிக்கு என்று சொல்ல மறந்தார்.

எல்லா முரணும் இத்துணை எளியதன்று. உள்ளீட்டைப் பெறப் பழைய நூல்கள் கற்பித்த 'கெட்ஸ்' என்னும் செயற்கூறு, வரும் எழுத்துகளின் அளவைப் பாராது ஏற்பது. 1988இல் அமெரிக்காவில் பரவிய மோரிஸ் புழு கணிப்பொறிகளுள் நுழைந்த வழிகளுள் இக்குறையும் ஒன்று. 2011ஆம் ஆண்டின் தரவிதி அதனை அடியோடு நீக்கியது. பழைய ஏட்டை நம்பி அதனைக் கையாள்வோர், கதவைத் திறந்து வைத்து உறங்குவோரே.

தமிழிலும் இது நிகழ்ந்துளது. சகரமெய் அ, ஐ, ஔ என்னும் மூன்று உயிரோடு மொழிக்கு முதலாகாது என்பது தொல்காப்பியம். பன்னீருயிரோடும் முதலாகும் என்பது நன்னூல். நாமும் சட்டி, சந்தை என்று நாள்தோறும் வழங்குகிறோம். இதனால் தொல்காப்பியர் பிழைபட்டார் எனலாமா? ஆகாது. நன்னூலார் தம் காலத்து வழக்கை நோக்கி விதி செய்தார், அவ்வளவே.

மாணவியிடம் ஒன்று கூறினோம்: "நீ சோதித்துப் பார்த்தது நன்று. ஆயினும் உன் இயந்திரம் காட்டிய நான்கும் உன் தொகுப்பிக்குரிய விடையே, மொழிக்குரிய பொதுவிதியன்று." அதனைக் கேட்ட பின்னரே அவள் முகம் தெளிந்தது. இழந்த மதிப்பெண் திரும்பவில்லை.

ஆசிரியப் பெருமக்களிடம் நாம் வேண்டுவது ஒன்றே. பாடக்குறிப்பின் தலைப்பில் தொகுப்பியின் பெயரையும் பதிப்பையும் எழுதுவோம். வினாத்தாளிலும் அதனைக் குறிப்போம். சோதித்து அறிந்த மாணவர் சோதியாத ஏட்டின்முன் தோற்றல் கல்விக்கு அழகன்று.